கல்லில்லாத ஊருக்கு வந்த கல்

மாயவரம் பக்கத்து வயலில் எவ்வளவு ஆழம் வெட்டினாலும் கல் வராது. வண்டல் வரும், களி வரும், அதற்கும் கீழே ஆற்று மணல் வரும், பிறகு தண்ணீர் ஊறும். காவிரி காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மண்ணின் மேல்தான் அந்த வட்டாரமே உட்கார்ந்திருக்கிறது. அங்கே அடுப்படியில் கிடக்கும் அம்மிக்கல்லும் வெளியூர்க் கல்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் வேண்டிய கருங்கல் முழுவதையும் சோழர்கள் வெளியிலிருந்துதான் ஏற்றி வந்தார்கள். அந்த மண்ணில் ஒரு கல் கிடைத்தால், அதை யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

2006 பிப்ரவரியில் மாயவரம் என்கிற மயிலாடுதுறையை அடுத்த செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர், வாழையும் தென்னையும் வைப்பதற்காகத் தன் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டினார். குழியில் இரண்டு கற்கள் கிடைத்தன. இரண்டும் மனிதக் கை தேய்த்து வடிவாக்கிய கற்கோடரிகள். தொல்லியலில் ஆர்வம் இல்லாத ஒருவர் கையில் சிக்கியிருந்தால் அவை வேலியோரம் போயிருக்கும். இவர், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்த நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னார். நண்பர் இரண்டையும் பெற்றுக்கொண்டு, அப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் சிறப்பு ஆணையராக இருந்த டி.எஸ்.ஸ்ரீதரிடம் சேர்ப்பித்தார். அங்கே ஆராய்ந்தபோதுதான் ஒரு கோடரியின் மேல் கீறல்கள் இருப்பது கவனத்துக்கு வந்தது. மொத்தம் நான்கு குறிகள். துறையின் கல்வெட்டறிஞர்கள் கூடிப் பார்த்தார்கள். நான்குமே சிந்துவெளி முத்திரைகளில் உள்ள குறிகளைப் போல இருந்தன.

அந்தக் கோடரியின் எடை 125 கிராம். நீளம் ஆறரை சென்டிமீட்டர். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் மே மாதம் செய்தித்தாளில் வந்தபோது அது நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்ற தலைப்பைப் பெற்றிருந்தது.

அன்றிலிருந்து இந்தக் கல்லைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அந்த நான்கு குறிகளைப் பற்றியது. குறி கீறப்படுவதற்கு முன்னும் கல்லுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அதைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், உறுதி எங்கே முடிகிறது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகும்.

பிறந்த மலை

கல்லின் தன்மையைப் பார்த்தவர்கள் அது தென்னிந்தியத் தீபகற்பத்தைச் சேர்ந்த பாறை என்றார்கள். சிந்து நதிக்கரையிலிருந்து யாரோ கொண்டுவந்து இங்கே போட்ட கல் என்ற எண்ணத்துக்கு இதனால் இடமில்லாமல் போயிற்று. கல் நம் பக்கத்துக் கல். ஆனால் செம்பியன்கண்டியூர்க் கல் அன்று.

தமிழ்நாட்டில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடங்கள் என்று அகழாய்வில் உறுதியானவை பெரும்பாலும் வடமேற்கில் இருக்கின்றன. திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியை 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. கொள்ளும் பாசிப்பயறும் விளைவித்து, ஆடுமாடு வளர்த்து, கற்கோடரி செய்து வாழ்ந்த ஓர் ஊர் வெளிப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது இரும்புக் காலத்துக்குக் கீழே புதிய கற்கால அடுக்கு இருந்தது. அங்கே இரும்பு கிடைத்த அடுக்குக்கே கி.மு. 2172 என்று காலம் கணித்திருக்கிறார்கள். கற்கோடரி அதற்கும் மூத்தது. கோவைக்கு அருகே மோளப்பாளையத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு புதிய கற்கால ஊரைக் கண்டெடுத்தது. எல்லாமே குன்றும் மேய்ச்சல் நிலமும் உள்ள பகுதிகள். பாறை கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

கற்கோடரி செய்வது நான்கு கட்ட வேலை. அதற்கு முன் ஏற்ற பாறை வேண்டும். வெள்ளைப் புள்ளி தெறித்த சாதாரணக் கருங்கல் இதற்கு உதவாது, பொடிந்துவிடும். துகள் நெருங்கிய கருநிறப் பாறைதான் கூர்மையைத் தாங்கும். டோலரைட் என்று நிலவியலார் சொல்லும் பாறைக்கு இந்த வேலையில் மதிப்பு அதிகம். அது பெரும்பாறைகளுக்கு நடுவே நீண்ட கருஞ்சுவராக ஓடும். கர்நாடகத்தின் பல்லாரிக்குப் பக்கத்தில் சங்கனகல்லு, குப்பகல் குன்றுகளில் அப்படிப்பட்ட பாறையோட்டத்தை நம்பி ஒரு கோடரிப் பட்டறையே பல நூறு ஆண்டுகள் நடந்திருக்கிறது. செய்து முடித்தவை, பாதியில் உடைந்தவை, கழிவுச் சில்லுகள் என்று அங்கே மலைச்சரிவெல்லாம் இறைந்து கிடக்கின்றன.

பாறையைச் சில்லு சில்லாகப் பெயர்த்துத் தோராய வடிவம் கொண்டுவருவது முதல் கட்டம். மேடுகளைப் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சமன் செய்வது இரண்டாவது. நீரும் மணலும் விட்டு வேறொரு பாறைமேல் தேய்ப்பது மூன்றாவது. தேய்த்துத் தேய்த்து உண்டான நீள்பள்ளங்களைத் தென்னிந்தியப் பாறைகளில் இன்றும் பார்க்கலாம். வாய்ப்புறத்தை மெருகேற்றுவது கடைசி. ஒரு கோடரிக்கு நாள்கணக்கான உழைப்பு போகும். அப்படிச் செய்ததை யாரும் லேசில் எறிந்துவிட மாட்டார்கள். மழுங்கினால் தீட்டுவார்கள். தீட்டத் தீட்டச் சிறுத்துப்போகும். ஆறரை சென்டிமீட்டர்க் கோடரி தொடக்கத்திலேயே சிறுவேலைக்காகச் செய்த வாய்ச்சி உளியாக இருக்கலாம். பெரிதாகப் பிறந்து, உழைத்துத் தேய்ந்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும் மரத்தை வீழ்த்தும் கருவியாக அது நம் காலத்துக்கு வரவில்லை.

வழியும் வாகனமும்

மலையில் பிறந்த கல் வண்டல் நிலத்துக்கு எப்படி வந்தது?

ஆறு உருட்டி வந்திருக்கலாம் என்று முதலில் தோன்றும். காவிரி கீழ்ப்பகுதிக்கு வரும்போது அதன் வேகம் தளர்ந்துவிடுகிறது. நுண்மணலும் வண்டலும் வரும். மெருகு கெடாமல் ஒரு கோடரியை அவ்வளவு தூரம் உருட்டி வருகிற வலு அந்த நீருக்குக் கிடையாது. வந்திருந்தாலும் மூலை முனையெல்லாம் தேய்ந்து கூழாங்கல்லாகத்தான் வந்திருக்கும். அதோடு, ஒரே குழியில் இரண்டு கோடரிகள். வெள்ளம் ஜோடி சேர்த்துக் கொண்டுவந்து வைப்பதில்லை.

ஆகவே மனிதர் கொண்டுவந்தார்கள். எந்தக் காலத்து மனிதர், எதற்காக என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

கற்கோடரிகளின் வாழ்க்கை புதிய கற்காலத்தோடு முடிவதில்லை. 1947இல் மார்டிமர் வீலர் கர்நாடகத்தின் பிரம்மகிரியைத் தோண்டியபோது, கற்கோடரிப் பண்பாட்டின் இறுதியும் இரும்பு புழங்கிய பெருங்கற்காலத்தின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று கலந்து கிடந்ததைக் கண்டார். இரும்பு வந்த பிறகும் சில காலம் கல் புழங்கியது. கருவியாகப் புழங்குவது நின்ற பிறகு அது வேறு பிறவி எடுத்தது. சேலம், தருமபுரி வட்டாரங்களிலும் ஜவ்வாது மலையிலும் மரத்தடியில் கற்கோடரிகளை நிறுத்தி வைத்துப் பிள்ளையார் என்று கும்பிடும் வழக்கம் உண்டு. உழும்போது கொழுவில் தட்டுப்படும், பார்த்தால் மழமழவென்று இருக்கும், இயற்கையாக உண்டானது போலவும் இருக்காது. அப்படிப்பட்ட கல்லைச் சாமி என்று முடிவு செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐரோப்பியக் குடியானவர்கள் இதே கல்லை வானத்திலிருந்து இடியோடு விழுந்தது என்று நம்பி வீட்டுக் கூரையில் செருகி வைத்தார்கள். செய்தவர்கள் மறைந்து, பயன் மறந்துபோன பிறகும் கற்கோடரி கைமாறிக்கொண்டே இருக்கும் பொருள். நாலாயிரம் ஆண்டுக்கு முன் பிறந்த கோடரி நூறு ஆண்டுக்கு முன்னால்கூட ஊர்விட்டு ஊர் போயிருக்க முடியும்.

செம்பியன்கண்டியூர்க் கல்லின் கதையில் இதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். கோடரி எப்போது செய்யப்பட்டது, எப்போது அந்த ஊருக்கு வந்தது, எப்போது அதன்மேல் கீறினார்கள், எப்போது மண்ணுக்குள் போயிற்று என்ற நான்கும் நான்கு தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் விடை மற்றொன்றுக்குச் செல்லாது.

ஐராவதம் மகாதேவன் படித்தது

கோடரியைப் பார்த்த அறிஞர்களில் எடை மிகுந்த சொல் ஐராவதம் மகாதேவனுடையது. இந்திய ஆட்சிப் பணியில் இருந்து பின்னர் தினமணியின் ஆசிரியராகவும் பணியாற்றிய அவர், 1977இல் சிந்துவெளி எழுத்துகளுக்கான தொகுப்பையும் சொல்லடைவையும் வெளியிட்டவர். அதில் 417 குறிகளை இனங்கண்டு எண் கொடுத்திருந்தார். உலகில் எங்கே யார் சிந்துவெளிக் குறியைப் பற்றிப் பேசினாலும் அந்த எண்களைப் பயன்படுத்தாமல் பேசுவது அரிது.

கோடரியின் முதல் குறி, விலா எலும்பு தெரியக் குந்தியிருக்கும் ஓர் உருவம். அவருடைய பட்டியலில் 48ஆம் எண். இரண்டாவது ஜாடி போன்ற குறி, எண் 342. சிந்துவெளியில் மிகுதியாக வருவது இந்த ஜாடிக் குறிதான். மூன்றாவது சூலம் போன்றது. நான்காவது பிறையும் அதில் ஒரு வளையமும். முதலிரண்டையும் மகாதேவன் 'முருகு', 'அன்' என்று கொண்டு, முருகன் என்று படித்தார். கோடரியின் காலத்தைக் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையே வைத்தார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு பெரியது: தமிழகத்தின் புதிய கற்கால மக்களும் சிந்துவெளி மக்களும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், அது திராவிடமாகத்தான் இருக்க முடியும்.

அதுவரை சிந்துவெளி எழுத்து கிடைத்த தென்கோடி மகாராஷ்டிரத்தில் பிரவரை ஆற்றங்கரையிலுள்ள தைமாபாத். செம்பியன்கண்டியூர் அங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே. ஒரு கொல்லைக் குழி அந்த எல்லையை ஒரே தாவலில் காவிரிக்குக் கொண்டுவந்துவிட்டது.

இந்த வாசிப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குந்தியிருக்கும் உருவத்தை முருகு என்று மகாதேவன் படித்தது இந்தக் கல்லைப் பார்த்த பிறகு அன்று. 1999லேயே சிந்துவெளியில் முருகன் என்பது பற்றி அவர் எழுதியிருந்தார். திண்டிவனத்துக்கு அருகே சானூரில் கிடைத்த பானைக் கீறலில் அதே உருவம் இருப்பதையும், அதற்கும் சிந்துவெளிக் குறிக்கும் உள்ள ஒற்றுமையை 1960இல் தொல்லியலாளர் பி.பி.லால் எடுத்துக்காட்டியதையும் சுட்டியிருந்தார். இதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். கல்லுக்காகத் தைத்த சட்டையன்று அந்த வாசிப்பு, அதனால் நம்பகம் கூடுகிறது. மறுபக்கம், முன்பே கண்ணில் பதிந்த உருவம் கல்லின் கீறலில் எளிதாகத் தெரிந்துவிடும் ஆபத்தும் கூடுகிறது. தேர்ந்த கண்ணுக்கு இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

எழுத்தா, அடையாளமா

ஐயம் மூன்று தளங்களில் எழுகிறது.

முதலாவது சிந்துவெளியைப் பற்றியது. அங்கே கிடைத்த வாசகங்கள் சராசரியாக ஐந்து குறி நீளம்தான். இருமொழிக் கல்வெட்டு எதுவும் இல்லை. 2004இல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்டு ஸ்ப்ரோட், மைக்கேல் விட்ஸல் மூவரும் அவை எழுத்தே அல்ல, சின்னங்கள் என்று வாதிட்டார்கள். 2009இல் ராஜேஷ் ராவும் மகாதேவன் உள்ளிட்ட குழுவினரும், குறிகள் வரிசைப்படும் ஒழுங்கு மொழியின் ஒழுங்கை ஒத்திருப்பதாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வாசிப்புக்கான சாவி இன்றும் எல்லோரும் ஒப்பும்படி கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது அதனால்தான். படிக்கப்படாத எழுத்தில் ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டோம் என்பதை முடிவாக ஏற்க முடியாது. கருத்தாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வடிவ ஒற்றுமை. தமிழ்நாட்டுப் பானையோடுகளில் கீறல் குறிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. லால் தம் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையில், பெருங்கற்காலக் குறிகளில் 89 விழுக்காடு அதற்கு முந்திய செம்புக்கால, அரப்பாக் குறிகளோடு தொடர்புடையவை என்றார். 2025இல் தொல்லியலாளர்கள் கா.ராஜனும் ஆர்.சிவானந்தமும் 140 இடங்களிலிருந்து 14,165 ஓடுகளைத் தொகுத்துச் செய்த ஆய்வும் பெரும்பங்கு ஒற்றுமையைக் காட்டியது. அது உருவங்களை ஒப்பிட்ட ஆய்வு. ஒலியையோ பொருளையோ அது சொல்லவில்லை. சூலமும் பிறையும் மனிதர் எங்கே கீறினாலும் வரக்கூடியவை. குந்தியிருக்கும் விலா எலும்பு உருவம் அவ்வளவு எளிதில் தானாக வராது. அதனால் நான்கில் முதல் குறிக்குத்தான் வலு அதிகம். அதிலும் ஜாடியோடு சேர்ந்து வருவது, சிந்துவெளியிலும் அந்த ஜோடி பலமுறை வருவதால், கவனத்துக்குரியது.

மூன்றாவதுதான் மிகக் கடுமையானது. இந்தக் கல் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது நமக்குக் கிடைக்கவே போவதில்லை. கன்று வைக்க வெட்டிய குழியில் அடுக்கு பார்க்க யாரும் நிற்பதில்லை.

நான்கு வாழ்க்கை வரலாறுகள்

அடுக்கு தெரியாததால், இதே கல்லுக்குக் குறைந்தது நான்கு வரலாறுகள் எழுதலாம்.

முதல் வரலாறு மகாதேவனுடையது. கோடரி செய்தவர்களின் காலத்திலேயே, சிந்துவெளிக் குறிகளை அறிந்த ஒருவர் அதில் கீறினார். அரப்பா நகரங்கள் கி.மு. 1900 வாக்கில் தளர்ந்தபின் எழுத்தும் அங்கே மறைகிறது. அதன் நினைவு தெற்கே ஒரு குடியில் எஞ்சியிருந்தது என்று இந்த வரலாறு சொல்லும். உண்மையானால் தென்னிந்திய வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும்.

இரண்டாவது, கோடரி பழையது, கீறல் அதைவிட இளையது என்பது. 2008இல் அதே ஊரில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. கருப்பு-சிவப்புப் பானைகளும் ஈமத்தாழிகளும் வெளிப்பட்டன. பானைகளின் மேல் மீன், உடுக்கை, சூரியன், விண்மீன் போன்ற கீறல் குறிகள் இருந்தன. ஆக, அந்த ஊரில் பொருள்களின் மேல் குறி கீறும் வழக்கமுள்ள மக்கள் புதிய கற்காலத்துக்கு வெகு பிந்தி வாழ்ந்திருக்கிறார்கள். முன்னோர் சொத்தாகவோ மந்திரக் கல்லாகவோ மதித்து வைத்திருந்த ஒரு பழங்கோடரியில், பானையில் கீறுவது போலவே அவர்களில் ஒருவர் கீறியிருக்கலாம். தாழியோடு சேர்த்துப் புதைத்துமிருக்கலாம்.

மூன்றாவது, கோயில் வழி. மலைப்பக்கத்திலிருந்து யாரோ சாமிக்கல்லாகக் கொண்டுவந்து, வழிபாடு நின்றதும் அது மண்ணில் இறங்கியிருக்கலாம்.

நான்காவது, மண் வழி. காவிரிப் பாசன ஊர்களில் வீடு கட்டும் மனையை மண்ணடித்து மேடாக்குவார்கள். குளத்து மண்ணோ ஆற்றோர மண்ணோ வண்டியில் வரும். அந்த மண்ணோடு பழம்பொருளும் வரும். அப்படியானால் கொல்லைக் குழி கல்லின் கடைசி நிறுத்தம் மட்டும், அது முன்பு கிடந்த இடம் வேறு.

இவற்றில் என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. காரணம் 2008 அகழாய்வு. ஒரு கல்லை விளங்கிக்கொள்ள முதலில் அதே ஊரில் கிடைத்தவற்றைப் பார்க்க வேண்டும், பிறகுதான் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். கீறும் வழக்கம், கீறும் கை, கீறிய குறிகள் எல்லாமே அந்த ஊரில் இரும்புக் காலத்தில் இருந்ததற்குச் சான்று கிடைத்துவிட்டது. முருகு உருவம் சானூர்ப் பானையில் வந்ததும் பெருங்கற்காலச் சூழலில்தான். இந்த வரலாற்றை ஏற்பதால் சிந்துவெளித் தொடர்பு பொய்யாகிவிடாது. அது பானைக் குறிகளின் பொதுக் கேள்வியோடு சேர்ந்துகொள்ளும், இந்த ஒரு கல் தனியாக அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிராது.

ஆனால் சாய்வு தீர்ப்பாகாது. முதல் வரலாற்றைச் சொல்பவரை மறுக்க என்னிடம் மண்ணடுக்கு இல்லை. அவரிடமும் இல்லை.

கூட வந்த இன்னொரு கல்

குழியில் கிடைத்தவை இரண்டு. மற்றதில் கீறல் இல்லை. அதனால் அதற்குப் பெயரும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. இந்தக் கதையில் நியாயமாகப் பேச வேண்டிய சாட்சி அதுதான்.

கல்லே இல்லாத நிலத்தில் இரண்டு கோடரிகள் ஒரே இடத்தில் கிடந்தால், அவற்றை ஒருவர் சேர்த்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே பாறையிலிருந்து வந்தவையா? மெல்லிய சீவலெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் கனிமக் கலவை தெரியும். அதைத் தருமபுரி, கிருஷ்ணகிரி, பல்லாரிப் பாறைகளோடு ஒப்பிட்டால் பிறந்த மலையைக் குறுக்கிக்கொண்டே வரலாம். ஒரே மலை என்றால் ஒரே பயணம். வெவ்வேறு மலை என்றால், பல இடத்துக் கற்களைச் சேர்த்தவர் ஒருவர் இருந்திருக்கிறார், அதாவது கோடரிகள் கருவி என்ற நிலையைத் தாண்டி மதிப்புப் பொருளாகிவிட்ட காலம்.

கீறல் உள்ள கல்லையும் அதே நுண்ணோக்கியில் கேட்கலாம். இரும்பு முனையால் கீறிய பள்ளமும் கல்முனையால் கீறிய பள்ளமும் வெட்டுவாயில் வேறுபடும். கோடரியைப் பயன்படுத்தியதால் உண்டான தேய்மானம் கீறலின் விளிம்பையும் மழுக்கியிருந்தால், கீறிய பிறகும் கோடரி உழைத்திருக்கிறது. தேய்மானத்தைக் கீறல் வெட்டிச் சென்றிருந்தால், கருவி ஓய்ந்த பிறகுதான் குறி வந்திருக்கிறது. முருகனா இல்லையா என்ற கேள்விக்கு இதில் விடை வராது. கீறல் எப்போது என்ற கேள்வி ஓரளவு நெருங்கும்.

குழி

ஒரு குறிக்கு வயது எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பழனி அருகே பொருந்தல் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2009, 2010இல் கா.ராஜன் தோண்டிய ஈமக்குழியில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த ஒரு மண் பிரிமனையும், நாலுகால் ஜாடி நிறைய நெல்லும் கிடைத்தன. கல்லையோ சுட்ட மண்ணில் கீறிய எழுத்தையோ கரிமச் சோதனைக்கு அனுப்ப முடியாது. நெல்லை அனுப்பலாம். கி.மு. 490 என்று வந்தது. எழுத்துக்கு வயது கொடுத்தது பக்கத்தில் இருந்த நெல். எழுத்தும் நெல்லும் ஒரே குழியில், யாரும் கலைக்காமல் இருந்ததைத் தோண்டியவர்கள் பதிந்து வைத்ததால்தான் அந்த விடை கிடைத்தது.

செம்பியன்கண்டியூர்க் கல் கண்டெடுக்கப்பட்ட அதே 2006இல், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலும் எழுத்துக் கற்கள் கிடைத்தன. அவை தமிழி எழுத்துள்ள நடுகற்கள், அவற்றில் ஒன்று ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், இறந்தவனுக்கு எடுத்தது. அவற்றின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சொல்வது என்ன என்பதில் குழப்பம் இல்லை, ஏனென்றால் எழுத்தும் மொழியும் நமக்குத் தெரிந்தவை. தெரிந்த எழுத்துள்ள கல் இடம் பெயர்ந்தாலும் பேசும். தெரியாத எழுத்துள்ள கல்லுக்கு அது கிடந்த மண்தான் மொழிபெயர்ப்பாளர். செம்பியன்கண்டியூரில் அந்த மொழிபெயர்ப்பாளரை இழந்துவிட்டோம்.

இதில் ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் செய்தது சட்டமும் எதிர்பார்ப்பதுதான். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. பல ஊர்களில் இதைச் செய்பவர் அரிது. அவர் சொன்னதால்தான் கல் இன்று தொல்லியல் துறையிடம் இருக்கிறது, 2008 அகழாய்வும் நடந்தது. ஆனால் பொருளை ஒப்படைக்கச் சொல்லும் சட்டத்தைத்தான் ஊரில் சிலராவது கேள்விப்பட்டிருக்கிறார்கள். பொருள் கிடந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று எந்தப் பள்ளியிலும் ஊராட்சியிலும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை. வித்தியாசமான பொருள் தட்டுப்பட்டால் வெட்டுவதை நிறுத்துவது. எடுக்குமுன் பக்கத்தில் ஓர் அடிக்கோலோ தீப்பெட்டியோ வைத்துக் கைப்பேசியில் படம் பிடிப்பது. தரைமட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து எழுதிக்கொள்வது. குழியின் பக்கச் சுவரில் மண் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்ப்பது. கூடக் கிடந்த ஓடு, கரி, எலும்பு எதையும் பயனற்றதென்று தள்ளிவிடாமல் ஒதுக்கி வைப்பது. குழியை மூடாமல் துறைக்குச் சொல்வது. அரைமணி நேர வேலை. 2006இல் கைப்பேசிக் கேமரா எல்லோர் கையிலும் இல்லை, இன்று இருக்கிறது.

செம்பியன்கண்டியூர்க் கோடரி நான்கு குறிகளுக்காக நினைக்கப்படுகிறது. அந்தக் குறிகள் சொல்வதில் எதுவும் இன்னும் தீரவில்லை. கல் சொல்வதோ ஐயத்துக்கிடமில்லாதது: மலையில் ஒருவர் இதைச் செய்தார், இன்னொருவர் வண்டல் நிலத்துக்குச் சுமந்து வந்தார். யாரோ ஒருவர் இதையும் இதன் இணையையும் சேர்த்தே வைத்திருக்கவும் வாய்ப்பு அதிகம். மேற்கே மலைக்கும் கிழக்கே கடலோர வண்டலுக்கும் இடையே ஏதோ ஒரு காலத்தில் நடந்த போக்குவரத்துக்கு 125 கிராம் சான்று இது. முருகனைத் தேடிய வேகத்தில் அந்தச் சுமந்து வந்தவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. காவிரிப் படுகையில் இன்னும் ஆயிரமாயிரம் கொல்லைகளில் வாழைக்குழி வெட்டப்போகிறார்கள். அடுத்த கல் வரும். கல்லை எந்நாளும் ஆராயலாம், குழிக்கு அந்த ஒரு நாள்தான்.